ரெண்டு பாக்ஸ் போதும்

ஜீவிதா போனில் கேட்ட முதல் கேள்வியிலேயே எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"அண்ணே, உங்ககிட்ட இருக்கிறதுலயே சின்ன பாக்ஸ் எதுண்ணே?"

இருபத்தொன்பது வருடமாகத் திண்டுக்கல்லில் மைக் செட் போடுகிறேன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், சர்ச் திருவிழா என்று எங்கே போனாலும் பெரிய பாக்ஸ் எத்தனை வரும் என்றுதான் கேட்பார்கள். ராயப்பராஜ் செட் என்றால் மூன்று ஊருக்குக் கேட்கும் என்று ஒரு பெயர் உண்டு. சின்னது எது என்று கேட்ட முதல் ஆள் இவள்தான்.

அதுவும் கேட்பது யார் பாருங்கள். ஜீவிதா அகரத்துக்காரி, மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கும் சோலைமுத்துவின் மகள். சென்னைக்குப் படிக்கப் போன இடத்தில் 'இடிதாங்கி' என்ற ராக் குழுவில் சேர்ந்து பதினோரு வருடம் பாடியவள். பாடியவள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பூட்ஸ் காலைத் தூக்கி ஸ்பீக்கர் மேல் வைத்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க அவள் போட்ட கூச்சலை ஒருமுறை போனில் பார்த்துவிட்டு எழுந்து நின்று கைதட்டினேன். இவள் நம்ம ஆளு என்று நினைத்தேன்.

அப்படிப்பட்ட பிள்ளை இரண்டு வருடத்துக்கு முன்னால் குழுவை விட்டு வந்துவிட்டாள். ஒரே ஒரு கிடாரை மடியில் வைத்துக்கொண்டு, தூளியில் பிள்ளை தூங்குகிற வீட்டில் பேசுவது போல மெதுவாகப் பாட ஆரம்பித்தாள். டிரம்ஸ் கிடையாது, கத்தல் கிடையாது. ஆறு பாட்டு வெளியிட்டாள். பத்திரிகையில் 'இசையில் முதிர்ச்சி' என்று எழுதினார்கள். கோவை, திருச்சி, பாண்டிச்சேரி என்று போய் நூறு பேர் உட்காரும் ஹால்களில் பாடிக்கொண்டிருந்தாள். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. கறிக்குழம்பு வைக்கத் தெரிந்தவள், தொட்டுக்கொள்ள ஒரு வெஞ்சனம்கூட இல்லாமல் ரசம் சோறு போட்டால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது?

"எட்டு பாக்ஸ் வச்சிருக்கேன் பாப்பா. டாப்பு தனி, பேஸ் தனி. ஜெனரேட்டரும் வரும்," என்றேன்.

"ரெண்டு பாக்ஸ் போதும்ணே. ஒரு மைக் எனக்கு, ஒண்ணு கிடாருக்கு. நம்ம ஊர்ல முதல்தடவையா பாடுறேன். நீங்கதான் வரணும்," என்றாள்.

நீங்கதான் வரணும் என்று சொன்ன பிறகு மாட்டேன் என்று சொல்ல மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு, தாடிக்கொம்பு ரோட்டில் ஒரு சின்ன மண்டபம் என்று முடிவாயிற்று.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். எனக்குக் காது கேட்காது. முழுச்செவிடு இல்லை. வலது காது போய் ஏழு வருடம் ஆகிறது. இடது காதில் தடித்த சத்தம் விழும், எதிரே நின்று பேசினால் உதட்டையும் பார்த்துப் புரிந்துகொள்வேன், மெல்லிய சத்தம் எதுவும் விழாது. போனை ஸ்பீக்கரில் போட்டு இடது காதோடு ஒட்டிப் பிடித்தால்தான் பேச்சு புரியும். மதுரையில் ஒரு டாக்டரிடம் யாருக்கும் தெரியாமல் போய்க் காட்டினேன். பாக்ஸ் பக்கத்தில் நின்றே கெட்டுப்போன காது, திரும்பி வராது, மெஷின் வைக்கலாம் என்றார். மைக் செட்காரன் காதில் மெஷினைப் பார்த்தால் எவன் கூப்பிடுவான்? அதோடு அந்தப் பக்கமே போகவில்லை. வீட்டில் சவரியம்மாளிடம்கூடச் சொல்லவில்லை. கட்டின பெண்டாட்டியிடம் மறைத்தது தப்புதான். ஆனால் அவளிடம் சொன்னால் அவள் அக்காவிடம் சொல்வாள், அக்கா எங்கள் ஏரியா மேட்டுப்பட்டி முழுக்கச் சொல்வாள்.

தொழிலைக் கண்ணால் சமாளித்தேன். கூட்டம் முகத்தைச் சுளித்தால் குறைப்பேன், கழுத்தை நீட்டினால் கூட்டுவேன். ஊளை மட்டும்தான் சிக்கல். மைக்குக்குள் பாக்ஸ் சத்தமே திரும்பப் புகுந்து கீ என்று கத்துமே, அதைத்தான் ஊளை என்போம். அது எனக்கு விழவே விழாது. அதற்கு அஸ்பாக் இருந்தான். பேகம்பூர்க்காரன், பன்னிரண்டு வருடமாக என்னோடு கூட்டு. அவன் பாக்ஸ் பக்கம் நின்றுகொண்டு ஊளை வந்தால் ஒரு விரலைத் தூக்குவான், நான் குறைப்பேன். கத்திப் பேசாமல் கைஜாடையில் வேலை பார்ப்பது புது முறை என்று அவனிடம் சொல்லி வைத்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து ரெட்டியார்சத்திரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு வந்தது. ஆறு பாக்ஸ், ஆர்கெஸ்ட்ரா. பெரிய சத்தம் என்றால் பெரிய வேலை, சின்னச் சத்தம் என்றால் சின்ன வேலை என்று கணக்குப் போட்டேன். எந்த மைக் செட்காரனும் அப்படித்தான் போடுவான். அஸ்பாக்கை அங்கே அனுப்பிவிட்டு, இரண்டு பாக்ஸுக்கு இரண்டு ஆள் எதற்கு என்று நான் மட்டும் மண்டபத்துக்குப் போனேன்.

மதியம் இரண்டு மணிக்கு ஜீவிதா வந்தாள். பூட்ஸ் இல்லை, சாதாரண ரப்பர் செருப்பு. முதுகில் கிடார். முப்பத்தைந்து வயது இருக்கும், ஒன்றிரண்டு நரை. என்னைப் பார்த்ததும் அவ்வளவு பெரிதாகச் சிரித்தாள்.

"அகரம் முத்தாலம்மன் திருவிழாவுல உங்க பாக்ஸ் முன்னாடி போய் நிப்பேண்ணே, எட்டு வயசுல. நெஞ்சுக்குள்ள திம்முதிம்முன்னு அடிக்கும். அப்பா இழுத்துட்டுப் போனாலும் திரும்ப ஓடியாந்து நிப்பேன். அந்த அடிக்காகத்தான் ராக் பாடவே போனேன்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மண்டபக் காவலாளி கருப்பணனைக் கூப்பிட்டு, "ஏலே கருப்பணா, கேட்டியா?" என்றேன்.

பிறகு மேடையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து சோதனைக்குப் பாட ஆரம்பித்தாள். ஃபேனையெல்லாம் நிறுத்தச் சொன்னாள். நான் எதிர்ச் சுவர் ஓரம் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அவள் வாய் அசைந்தது, விரல் கம்பி மேல் ஓடியது. எனக்கு ஏதோ பக்கத்துத் தெருவில் பேசிக்கொள்வது போல இருந்தது, அவ்வளவுதான். கூட்டினேன். இன்னும் கூட்டினேன். கருப்பணன் திடீரென்று இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்து ஏதோ கத்தினான். பாட்டில் சொக்கிப்போய் ஆடுகிறான் என்று நினைத்து நானும் தலையை ஆட்டினேன். சிரித்தேன் வேறு.

ஜீவிதா பாடுவதை நிறுத்திவிட்டாள். அவளும் ஒரு காதைத் தோளில் அழுத்திக்கொண்டு ஓடி வந்து, என் கையைத் தள்ளிவிட்டு அவளே மிக்ஸரைக் குறைத்தாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. மண்டபமே அதிர ஊளை போயிருக்கிறது. அதற்கு நடுவில் நான் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"கருப்பணண்ணே, செத்த நேரம் வெளிய இருங்க," என்று அவனை அனுப்பிவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்து எனக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"எந்தக் காதுண்ணே?"

"என்ன எந்தக் காது? ஒயர் லூசு. இந்த மண்டபத்துல எர்த்து சரியில்ல," என்று எகிறினேன்.

அவள் கோபப்படவில்லை. "எனக்கு ரெண்டுலயும் வண்டு கத்துதுண்ணே. மூணு வருஷமா. விடியக்காலம், மத்தியானம், எப்பவும். சத்தத்துல நின்னா மறுநாள் அதிகமாயிரும். இன்னும் ரெண்டு வருஷம் 'இடிதாங்கி'யில இருந்தா காது சுத்தமாப் போயிரும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதான் விட்டேன். முதிர்ச்சியாம் முதிர்ச்சி. பேப்பர்ல அவங்களா எழுதுனாங்க, நானும் ஆமான்னுட்டேன். பயந்து விட்டேன்னு எப்படிச் சொல்றது?"

இத்தனை நாள் அவளை ரசம் சோறு என்று திட்டியதை நினைத்து வெட்கமாக இருந்தது. ஏழு வருடமாக யாரிடமும் சொல்லாததை, "வலது காது முழுசாப் போச்சு பாப்பா. இடது பாதி," என்று அவளிடம் சொன்னேன். "அஸ்பாக்க வரச் சொல்றேன். இல்லாட்டி வேற செட்டு பாத்துக்க. எங்கிட்ட கெடுபிடி ஒண்ணும் இல்ல. ஆனா வெளிய மட்டும் சொல்லிராத. இந்தத் தொழில விட்டா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது."

"நான் ஏன் சொல்லப் போறேன்? நீங்களே இருங்க," என்றாள்.

அவளே மேடைக்கும் மிக்ஸருக்கும் நாலைந்து முறை நடந்து நடந்து அளவு வைத்தாள். மிக்ஸரில் குமிழ் நிற்க வேண்டிய இடத்தில் வெள்ளை டேப்பை ஒட்டினாள். பாட்டு வரிகளை எழுதிய தாளை என் முன்னால் வைத்தாள்.

"இந்த டேப்பைத் தாண்டி ஏத்தக் கூடாதுண்ணே. இன்னொண்ணும் சொல்றேன். எனக்குக் கூட்டம் கத்துனா தாங்காது. பதினோரு வருஷப் பழக்கம், கை தன்னால ஏத்து ஏத்துன்னு காமிக்கும். நான் சொன்னாலும் ஏத்தாதீங்க. ஒரு தடவை ஏத்திட்டா நான் திரும்பக் கத்த ஆரம்பிச்சிருவேன்."

"சத்தியமா ஏத்த மாட்டேன்," என்றேன்.

ஐந்து மணிக்கு நூற்றிருபது பேர் வந்திருந்தார்கள். மூன்றாவது வரிசையில் சோலைமுத்து சலவைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். மாசி மாதத் திருவிழாவுக்கு என் செட்டைப் பேசி வைத்திருந்த சர்ச் கமிட்டிக்காரர் குடும்பத்தோடு வந்திருந்தார். பின்னால் ஏழெட்டுப் பையன்கள், எல்லோரும் கறுப்பு டீஷர்ட், நெஞ்சில் 'இடிதாங்கி' என்று எழுத்து. நெய்க்காரப்பட்டியிலிருந்து பைக்கில் வந்தவர்களாம்.

ஜீவிதா பாட ஆரம்பித்தாள். நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். வாழ்நாள் முழுக்க குமிழைத் திருகிக்கொண்டே இருந்த கை, சும்மா இருக்கச் சொன்னால் அரிக்கிறது. என் காதில் எதுவுமே விழவில்லை. கரண்ட் போய்விட்டதோ, பாக்ஸ் செத்துவிட்டதோ என்று நிமிர்ந்து விளக்கைப் பார்த்தேன். என் தொழிலில் சத்தம் வராவிட்டால் பழுது என்றுதான் அர்த்தம். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சரி, முகங்களைப் பார்ப்போம் என்று பார்த்தேன்.

தாளில் மூன்றாவது பாட்டு இப்படி இருந்தது:

*தண்ணி கட்டப் போன அப்பா*
*செருப்ப மறந்து போனாரு*
*வரப்பு மேல ரெண்டு செருப்பு*
*வெயில் காயுது சும்மா*

அவள் உதடு 'செருப்ப' என்று அசைந்தபோது சோலைமுத்து குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டார். அப்படியானால் மூன்றாவது வரிசைக்குக் கேட்கிறது. கடைசி வரிசையில் ஓர் அம்மா, மடியிலிருந்த பிள்ளைக்குப் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கப் போனவள் பாதியில் நிறுத்தி, பாக்கெட்டை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். பேப்பர் சத்தம்கூடத் தொந்தரவாகிவிடும் என்று பயப்படுகிறாள் என்றால் கடைசி வரிசைக்கும் கேட்கிறது. நூற்றிருபது பேரில் ஒருவர்கூட இருமவில்லை. இப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததே இல்லை. நான் போட்ட செட்டில் எனக்கு மட்டும் பாட்டு இல்லை என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது.

ஆறாவது பாட்டு முடிந்ததும் பின்வரிசைப் பையன்கள் எழுந்தார்கள். 'கதவை உடை' என்று கைகளைத் தூக்கி மொத்தமாகக் கத்தினார்கள், எனக்கே விழுந்தது. 'இடிதாங்கி'யின் பழைய பாட்டு அது, அவள் அதிகம் கத்திய பாட்டும் அதுதான். மற்ற ஆட்களும் சேர்ந்து கைதட்ட ஆரம்பித்தார்கள். ஜீவிதாவின் முகம் மாறுவதைப் பார்த்தேன். முதுகு நிமிர்ந்தது. ஸ்டூலை விட்டு எழுந்தாள். ஒரு காலை முன்னால் வைத்தாள். வலது கை என்னைப் பார்த்து உயர்ந்தது, ஏத்துங்க என்று.

ஒரு பையன் என்னிடமே வந்துவிட்டான். "ஏனுங்கண்ணா, அக்காவே சொல்லுதுங்க. ஏத்துங்க," என்று மிக்ஸரில் கையை வைத்தான். அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். இன்னும் நாலு பேர் வந்தார்கள். எல்லா முகமும் என் பக்கம் திரும்பிவிட்டது. ஏன் ஏத்தக் கூடாது என்று சொல்ல வேண்டும். அவள் காதைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. செட்டு ரிப்பேர் என்று ஒரு பொய் சொல்லலாம். அவ்வளவு பழகிய வாயில் அன்றைக்கு அந்தப் பொய் வரவில்லை.

எழுந்து நின்றேன். "தம்பி, எனக்குக் காது கேக்காது," என்றேன். என்னைப் போன்ற ஆட்களுக்கு மெதுவாகச் சொல்லத் தெரியாது. மைக் இல்லாமலே மண்டபம் முழுக்கக் கேட்டிருக்கும். "வலது காது சுத்தமா இல்ல, ஏழு வருஷமாச்சு. இடது பாதி. இம்புட்டு வருஷம் பெரிய பாக்ஸ் பக்கத்துல நின்னு போன காது. இப்ப நான் ஏத்துனா, எங்க நிறுத்தணும்னு எனக்குத் தெரியாது. உங்க காதும் என் காது மாதிரி ஆகணுமா? ஏத்த மாட்டேன் அப்பு. போய் உக்காரு."

அந்தப் பையன் கையை எடுத்துக்கொண்டான். சர்ச் கமிட்டிக்காரர் தன் மனைவியைப் பார்த்தார். கருப்பணன் வாயைப் பிளந்து நின்றான். மூன்று ஊருக்குக் கேட்கும் என்ற பெயரை என் வாயாலேயே ஒரு நிமிடத்தில் தொலைத்துவிட்டேன். உட்கார்ந்துவிட்டேன்.

மேடையில் ஜீவிதாவின் கை கீழே இறங்கியிருந்தது. மைக்கைப் பிடித்துக்கொண்டு ஏதோ பேசினாள். தலையைக் குனிந்து பேசியதால் உதடு தெரியவில்லை. கொஞ்ச நேரம் பேசினாள், நான் மிக்ஸரைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். கூட்டம் கைதட்டியது, அடுத்த பாட்டுக்கு என்று நினைத்தேன். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து பாடினாள். அது 'கதவை உடை' என்று பையன்களின் வாயைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவளோடு சேர்ந்து அவர்களும் பாடினார்கள், ஒருவர் கழுத்திலும் நரம்பு புடைக்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்தேனே, அந்தப் பையன் என் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தான்.

முடிந்ததும் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். சர்ச் கமிட்டிக்காரர் வந்து தோளைத் தட்டி, "மாசித் திருவிழாவப் பத்திப் பாத்துச் சொல்றேன்," என்றார். எங்கள் தொழிலில் பார்த்துச் சொல்கிறேன் என்றால் வரவேண்டாம் என்று அர்த்தம். சரிங்க என்றேன். ஜீவிதா கிடாரோடு வந்து நேர் எதிரே நின்றாள்.

"நான் கையைத் தூக்கிட்டேன்லண்ணே," என்றாள்.

"பாத்தேன்."

"அடுத்த மாசம் மதுரை. நீங்கதான் வாரீங்க. அஸ்பாக் அண்ணனையும் கூட்டிட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு, அப்பாவோடு வண்டியில் ஏறிப் போனாள்.

வீட்டுக்கு வந்தபோது எட்டு மணி இருக்கும். மண்டபத்தில் யாரோ போனில் எடுத்த வீடியோ எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. சவரியம்மாள் அடுப்படியில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்துச் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன். திட்டவில்லை. எழுந்து வந்து, எனக்கு எதிரே நின்று, முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகப் பேசினாள்.

"அந்தப் பிள்ளை சொன்னதாவது கேட்டுச்சா?"

"இல்ல. என்ன சொல்லுச்சு?"

"தனக்கும் காதுல கோளாறாம். அதுக்குப் பயந்துதான் கத்துறத விட்டுச்சாம். முதிர்ச்சின்னு பேப்பர்ல வந்ததெல்லாம் பொய்யாம். அந்த அண்ணனே அம்புட்டுப் பேர் முன்னாடி சொன்னப்புறம் நான் மறைச்சா நல்லாருக்காதுன்னு சொல்லுச்சு. ஊரே கை தட்டுது. நீங்க பாட்டுக்கு மிக்ஸரையே பாத்துக்கிட்டு இருக்கீங்க."

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன். சவரியம்மாள் விடவில்லை.

"ஏழு வருஷமா?"

"ஆமா."

"அப்ப இந்த ஏழு வருஷமா நான் என்ன சொன்னாலும் சரி, சரின்னு தலையாட்டுனீங்களே. ஊர்ல எந்தப் புருசனும் இப்படிக் கேக்க மாட்டான்னு அக்காகிட்ட பெருமை பேசுனேனே. அதுல உங்க காதுல எம்புட்டு விழுந்துச்சு?"

அன்றைக்கு இனிப் பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. "கால்வாசி இருக்கும்," என்றேன்.

அவள் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். பிறகு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வந்து என் இடது பக்கம் போட்டாள்.

"உக்காருங்க. மொதல்ல இருந்து சொல்றேன்," என்றாள்.

ஏழு வருடத்துக்கு முந்திய ஒரு தீபாவளியிலிருந்து ஆரம்பித்தாள். நான் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.